செங்கல்பட்டு சுந்தரராஜனும் எங்க வாட்ச்மேன் ஐயாவும்

ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. இந்தப் பதிவு மட்டும் டிராஃப்ட்லயே கிடந்து என்னை முறைச்சுக்கிட்டு இருந்தது. மூணு தடவை எழுதி மூணு தடவை அழிச்சிட்டேன். ஏன்னு கடைசில சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

ஆரம்பம் புத்தகக் கண்காட்சியில. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் எங்க வீட்டுலேர்ந்து நடக்குற தூரம்தான். அதனால கண்காட்சி நடக்குற நாள்ல எல்லாம் என் பர்ஸுக்குக் கண்டம். உள்ளே போய் வாங்குறதை விட, வெளியே அண்ணா சாலை பிளாட்ஃபாரத்துல தார்ப்பாய் விரிச்சுப் போட்டிருக்குற பழைய புத்தகங்கள்ல தான் எனக்குக் கண்ணு. அப்படி ஒரு குவியல்ல கிடைச்சது 'பிளைண்ட் மென் ஆஃப் ஹிந்துஸ்தான்'. 1993ல வந்த புத்தகம். எழுதினவர் ஜெனரல் கே. சுந்தர்ஜி. எண்பது ரூபாய் சொன்னார், அறுபதுக்குப் பேசி முடிச்சேன். பெரிய சாதனை :)

சின்ன வயசுல எனக்கு ஜெனரல் பைத்தியம் உண்டு. காரணம் சோவியத் புத்தகங்கள். வழவழ தாள், கெட்டி அட்டை, விலையோ ரெண்டு ரூபாய், மூணு ரூபாய். எங்க வீட்டு அலமாரியில இலக்கியமும் கணக்குப் புத்தகமும் போர்க்கதையும் ஒண்ணா நிக்கும். அதுல எனக்குப் பிடிச்ச ஹீரோ மார்ஷல் ஷுக்கோவ். ஏழைக் குடும்பத்துப் பையன். 1915ல ஜார் மன்னரோட குதிரைப்படைக்கு இழுத்துட்டுப் போனாங்க. அப்புறம் செம்படை, உள்நாட்டுப் போர். 1939ல மங்கோலிய எல்லையில கல்கின் கோல் ஆத்தங்கரையில டாங்கிகளை வச்சு ஜப்பான்காரனைச் சுத்தி வளைச்சார். அப்புறம் மாஸ்கோ, ஸ்டாலின்கிராட், கூர்ஸ்க், 1945ல பெர்லின். ஒரே மனுஷன், இத்தனை யுத்தம். பள்ளிக்கூட நோட்டுல அம்புக்குறி போட்டு மேப் வரைஞ்சிருக்கேன்.

ஒண்ணு மட்டும் அந்தப் புத்தகங்கள்ல பெருசா இருக்காது. 1956 நவம்பர்ல ஹங்கேரி தலைநகர் புடாபெஸ்டுக்குள்ள சோவியத் டாங்கிகள் நுழைஞ்சப்போ பாதுகாப்பு அமைச்சர் இதே ஷுக்கோவ்தான். பெர்லினை விடுவிச்சவரோட டாங்கியைப் பார்த்து புடாபெஸ்ட் பசங்க பெட்ரோல் பாட்டில் வீசினாங்க. இது எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. தெரிஞ்சப்போ ஏதோ என் மாமாவைப் பத்தி யாரோ தப்பா சொன்ன மாதிரி இருந்தது.

சரி, சுந்தர்ஜிக்கு வர்றேன்.

பேரைப் பார்த்தா வடநாட்டுக்காரர்னு தோணும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். முழுப்பேர் கிருஷ்ணசாமி சுந்தரராஜன். பிறந்தது 1928ல நம்ம செங்கல்பட்டு. படிச்சது மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ். டிகிரி முடிக்காமலே பட்டாளத்துக்குப் போயிட்டார். 1946ல மகர் ரெஜிமென்ட்ல அதிகாரி. மகர் ரெஜிமென்ட், மராட்டியத்து மகர் சமூகத்து ஆட்களுக்காக, அம்பேத்கர் குரல் கொடுத்து 1941ல உருவான படை. செங்கல்பட்டுப் பையன் அங்கே போய் நின்னதே எனக்கு ஒரு ஆச்சரியம்.

அதுக்கப்புறம் அவர் போன இடங்களை வரிசையா சொல்றேன். முதல்ல வெள்ளைக்காரன் காலத்து வடமேற்கு எல்லைப்புறம். பிரிவினைக்கு அப்புறம் காஷ்மீர். 1963ல ஐ.நா. படையோட காங்கோ நாட்டுக் கடாங்கா பகுதியில தலைமை அதிகாரிகள்ல ஒருத்தர். 1965 பாகிஸ்தான் யுத்தத்துல ஒரு பட்டாலியனுக்குத் தளபதி. 1971ல வங்கதேச யுத்தத்துல ரங்பூர் பக்கம் ஒரு கோர் படையோட பிரிகேடியர். காலாட்படையிலேர்ந்து வந்து, முதலாம் கவச டிவிஷனுக்கே தலைமை. கல்கின் கோல்ல ஆரம்பிச்சு பெர்லின் வரைக்கும் போன என் பழைய ஹீரோ ஞாபகம் வருதா இல்லையா?

ரெண்டு பேருக்கும் ஒரே பித்து, வேகம். காலாட்படைக்காரன் லாரியில வந்து இறங்கி நடந்து போய்ச் சண்டை போடக் கூடாது. டாங்கி போற வேகத்துக்குக் கவச வண்டிக்குள்ள உக்காந்து அதுவும் கூடவே போகணும். இந்த யோசனையில 1979ல உருவானதுதான் மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி ரெஜிமென்ட். பழைய பழைய ரெஜிமென்ட்கள்லேர்ந்து ஒவ்வொரு பட்டாலியனா எடுத்துச் சேர்த்தாங்க. அதுல முதல் பட்டாலியன் எதுன்னு நினைக்கிறீங்க? நம்ம மெட்ராஸ் ரெஜிமென்ட்டோட முதலாம் பட்டாலியன். வண்டி மட்டும் சோவியத் பி.எம்.பி. மோவ் ஊர்ல இருக்குற போர்க் கல்லூரிக்குத் தலைவரா இருந்தப்போ, பாகிஸ்தான் கிட்ட அணுகுண்டு வந்தா நம்ம ராணுவம் எப்படிச் சண்டை போடணும்னு அதிகாரிகளை உக்கார வச்சு எழுத வச்சவரும் இவர்தான். நான் அறுபது ரூபாய்க்கு வாங்கின புத்தகமும் அணு ஆயுதம் பத்தினதுதான்.

1986 பிப்ரவரியில ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். அந்த ரெண்டு வருஷத்துல நடந்ததைப் படிச்சா கண்ணைக் கட்டுது. சீனாக்காரன் அருணாசலத்துல சும்டொராங் சூ பள்ளத்தாக்குல வந்து உக்காந்தான். புதுசா வந்திருந்த சோவியத் எம்.ஐ.-26 ராட்சத ஹெலிகாப்டர்களை வச்சு 1986 அக்டோபர்ல ஒரு பிரிகேடையே ஜெமிதாங்ல இறக்கினார். 1962 மாதிரி ஆகல. இன்னொரு பக்கம் ராஜஸ்தான் எல்லையில 'பிராஸ்டாக்ஸ்' போர்ப் பயிற்சி. பயிற்சியா நிஜமான்னு பாகிஸ்தானுக்கே பயம் வந்து, யுத்தம் வந்துடும்ங்கிற அளவுக்குப் போச்சு. 1987 பிப்ரவரியில ஜியா உல் ஹக் டெஸ்ட் மேட்ச் பார்க்குறேன்னு ஜெய்ப்பூர் வந்து இறங்கினார் பாருங்க, அந்தக் கிரிக்கெட் எல்லாம் இதோட தொடர்ச்சிதான்.

இதை வச்சு 'நம்ம ஊர் ஷுக்கோவ்'னு தலைப்புப் போட்டு ஒரு பதிவு தட்டினேன். அதான் முதல் டிராஃப்ட். குமாரமங்கலம் ஜெனரல் (திருச்செங்கோடு பக்கத்து ஜமீன் குடும்பம், ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரனோட சிறையில இருந்தவர், 1966லேர்ந்து 69 வரை தலைமைத் தளபதி) பத்தியும் ஒரு பாரா. ஒரே தமிழ்ப் பெருமை. வழக்கமா என் பதிவைப் படிச்சுத் திட்டித் திருத்துற ஒரு அக்கா இருக்காங்க. யாழ்ப்பாணம், இப்ப டொரன்டோ. அவங்களுக்கு அனுப்பினேன்.

வழக்கமா ஒரு மணி நேரத்துல பதில் வரும். மூணு நாள் வரல. நாலாவது நாள் போன் பண்ணினாங்க.

"தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்கள். ஆனா 87ல நிப்பாட்டிப் போட்டீங்கள். ஏன்?"

நான் அசடு வழிஞ்சேன். நீளமாயிடுச்சு அக்கா, அது இதுன்னு உளறினேன்.

"அப்ப எனக்குப் பதினொரு வயசு. நல்லூர்க் கோயிலுக்குள்ள ஆயிரக்கணக்கான சனத்தோட இருந்தனாங்கள். ஷெல் அடிக்கேக்குள்ள அம்மா எங்களுக்கு மேல படுத்துக் கிடந்தவ. இந்தியன் ஆமி வந்தா எங்களுக்கு ஒண்டும் நடக்காது எண்டு மாலை போட்டு வரவேற்ற சனம் நாங்கள். நீங்கள் எழுதுங்கோ. ஆனா அதையும் எழுதுங்கோ."

அவ்வளவுதான். திட்டக்கூட இல்ல. திட்டியிருந்தா பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

முதல் டிராஃப்டை அழிச்சேன். மறுபடி படிக்க ஆரம்பிச்சேன். இந்தத் தடவை நான் தாண்டிப் போன பக்கங்களை.

1984 ஜூன். அப்போ சுந்தர்ஜி மேற்குப் பிராந்தியத் தளபதி. அமிர்தசரஸ் பொற்கோயில்ல புளூஸ்டார் நடவடிக்கை அவர் தலைமையில நடந்தது. குரு அர்ஜன் நினைவு நாளை ஒட்டின நேரம். உள்ளே யாத்ரீகர்கள். ராத்திரியோட ராத்திரியா முடிஞ்சிடும்னு போட்ட திட்டம், டாங்கியை உள்ளே கொண்டு போற வரைக்கும் போச்சு. ராணுவத்துல மட்டும் 83 பேர் செத்ததா அரசாங்க வெள்ளை அறிக்கையே சொல்லுது. உள்ளே செத்தவங்க கணக்கு அதைவிடப் பல மடங்கு. உள்ளேயிருந்து அரண் அமைச்சுச் சண்டை போட்டவர் யாரு? ஷாபேக் சிங். இதே இந்திய ராணுவத்துல மேஜர் ஜெனரலா இருந்தவர். 1971ல வங்கதேசத்து முக்தி பாஹினிக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்த யுத்தத்துல ரெண்டு பேரும் ஒரே பக்கம்.

மூணே வருஷம். 1987 ஜூலை 29 ஒப்பந்தம். அமைதிப்படை யாழ்ப்பாணம் போச்சு. அக்டோபர்ல புலிகளோட சண்டை ஆரம்பம். எதிரே நின்னது யாரு? 1983லேர்ந்து இந்தியாவே பயிற்சி கொடுத்த பசங்க. அதாவது மறுபடியும் நம்ம வாத்தியார் சொல்லிக் கொடுத்த பாடம் நம்ம மேலேயே. சில வாரத்துல முடிச்சிடலாம்னு சுந்தர்ஜி நம்பினதா அப்போ கொழும்புல தூதரா இருந்த ஜே.என். தீட்சித் எழுதியிருக்கார். அக்டோபர் 11 ராத்திரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்துல ஹெலிகாப்டர்லேர்ந்து ஆளை இறக்கினாங்க. வேகம், திடீர்த் தாக்குதல், எல்லாம் அவர் பாடத்துல இருக்குறதுதான். கீழே காத்துக்கிட்டு இருந்தாங்க. சீக்கியப் படைப்பிரிவுல முப்பது பேர் இறங்கினாங்க. 29 பேர் செத்தாங்க. ஒருத்தர் பிடிபட்டார்.

அப்புறம் தரைவழியா வந்த படை, ஒவ்வொரு ஒழுங்கையா (சந்துக்கு அவங்க ஊர்ல அந்தப் பேர்) கண்ணிவெடிக்கு நடுவுல நகர்ந்தது. ரங்பூர்ல, ராஜஸ்தான்ல ஓடுன கவச வண்டிக்குப் பனைமட்டை வேலிக்கு நடுவுல என்ன வேகம்? அக்டோபர் 21, தீபாவளி சமயம், யாழ் ஆஸ்பத்திரிக்குள்ள படை நுழைஞ்சு நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸுகள்னு அறுபதுக்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. நவம்பர் 25 அன்னிக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் சண்டையில இறந்தார். பரம்வீர் சக்ரா. சாலிகிராமத்துல பரமேஸ்வரன் விஹார்னு ராணுவக் குடியிருப்பு இருக்கே, அது இவர் பேர்ல தான். பரங்கிமலையில பயிற்சி எடுத்து, சுந்தர்ஜியோட அதே மகர் ரெஜிமென்ட்ல சேர்ந்த தமிழர். செத்தது தமிழ் பேசுற ஊர்ல.

1990 மார்ச்சுல படை திரும்பி வர்றதுக்குள்ள நம்ம பக்கம் 1100 பேருக்கு மேல சாவு. அந்த ஊர் சனங்க எத்தனை பேருன்னு ஒரு கணக்குல நிக்கல. முடிவெடுத்தது சுந்தர்ஜி மட்டும் இல்ல, டெல்லியில ஒரு அரசாங்கமே இருந்தது. அவர் 1988 ஏப்ரல்லயே ஓய்வு பெற்றுட்டார். 1999 பிப்ரவரியில மோட்டார் நியூரான் நோய்ல இறந்தார். உடம்புல ஒவ்வொரு தசையா அசையாம நிக்குற வியாதி. வாழ்க்கை முழுக்க வேகம் வேகம்னு இருந்தவருக்கு.

இதையெல்லாம் போட்டு ரெண்டாவது டிராஃப்ட். ஒரே கோபம். 'துரோகி'ன்னு கூட ஒரு வார்த்தை எழுதியிருந்தேன். அதை அழிக்க வச்சவர் எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன்.

அவருக்கு வேலூர் பக்கம். பட்டாளத்துல ஹவில்தாரா இருந்து ரிடையர் ஆனவர். வயசு அறுபத்தஞ்சைத் தாண்டியாச்சு. ராத்திரி டூட்டி. காலையில நான் பால் வாங்கப் போறப்போ ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டு இருப்பார். வாட்ச்மேன் வேலைக்கு எதுக்கு பாலிஷ்னு ஒரு தடவை கேட்டேன். "பழக்கம் தம்பி"ன்னார். ஒரு நாள் கையில இந்தப் புத்தகத்தோட கீழே போனேன். அட்டையில இருந்த பேரை எழுத்துக்கூட்டிப் படிச்சார்.

"சுந்தர்ஜி சாப் எழுதுனதா?"

"தெரியுமாய்யா?"

"எங்களுக்குச் சீஃப் ஆச்சே. ஒரு தடவை பரேட்ல பார்த்திருக்கேன். தமிழ்க்காரர்னு பசங்க சொல்லிக்குவாங்க. எங்களுக்கு ஒரே சந்தோஷம்."

நீங்க யாழ்ப்பாணம் போனீங்களான்னு கேட்டேன். ஷூவைக் கீழே வச்சிட்டார்.

"போனேன். ரெண்டு வருஷம். எங்க கம்பெனியில தமிழ் தெரிஞ்சவன் மூணு பேர் தான். செக் போஸ்ட்ல எங்களை நிக்க வச்சிடுவாங்க, கேள்வி கேக்க. ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்தது. இளநி வெட்டிக் குடுப்பாங்க. சினிமா பத்திக் கேப்பாங்க. எம்.ஜி.ஆர். எப்படி இருக்கார்னு கேப்பாங்க. சண்டை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அதே ஜனங்க அதே வாயால கும்பிட்டு அழுவாங்க. மத்த பசங்களுக்கு அது வெறும் சத்தம் தம்பி. எனக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் புரியும்."

கொஞ்ச நேரம் கேட்டைப் பார்த்துட்டே இருந்தார்.

"ஒரு நாள் ஒரு ஆயா. பையனைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க போல. வரிசையில வந்து என் கையைப் பிடிச்சு, மோனை, நீ தமிழோ, தமிழோன்னு கேக்குது. ஆமான்னு சொன்னா அடுத்தது என்ன கேக்கும்னு எனக்குத் தெரியும். என் கையில ஒண்ணும் இல்ல. நான் இந்தியில, சலோ, ஆகே சலோன்னேன். தமிழே தெரியாத மாதிரி."

அப்புறம் அவரே சொன்னார். "திரும்பி வர்றப்போ கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துல வந்து நின்னது. யூனிபார்மைக் கழட்டிப் பையில வச்சிட்டு, பாரிமுனையில வேலூர் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்காரன் எங்கேர்ந்து வர்றீங்கன்னான். பம்பாய்னு சொல்லிட்டேன்."

அமைதிப்படை கடைசியா வந்து இறங்குனப்போ, அதை வரவேற்க அன்னிக்கு முதலமைச்சரா இருந்த கலைஞர் போகல. அது சரியா தப்பான்னு நம்ம பதிவுலகத்துல ஒரு காலத்துல ராப்பகலா கும்மியடிச்சிருக்கோம். நானும் அடிச்சிருக்கேன். அந்தக் கப்பல்லேர்ந்து இறங்கி, பஸ்ல பம்பாய்னு பொய் சொன்ன ஒரு ஆள் எங்க வீட்டு வாசல்ல இத்தனை வருஷமா உக்காந்திருந்தது எனக்குத் தெரியாது.

அவர்கிட்ட ஜெனரல் மேல கோபம் இருக்கான்னு கேட்டேன். "அவரு மேப்பைப் பார்த்தாரு தம்பி. நாங்க மூஞ்சியைப் பார்த்தோம்"னார். "கோபம்லாம் இல்ல. ஆனா ஒரு தடவையாச்சும் அவர் அங்க வந்து, அந்த ஜனங்ககிட்ட தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசியிருந்தா நல்லாருந்திருக்கும்னு தோணும்."

ரெண்டாவது டிராஃப்டையும் அழிச்சேன். மூணாவதுல ஏதோ பெரிய தீர்ப்பு மாதிரி எழுதப் பார்த்தேன், வரல. அதுவும் போச்சு. இது நாலாவது.

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். ஒரு ஜெனரலோட வாழ்க்கையை யுத்த வரிசையா எழுதுறது சுலபம். கல்கின் கோல், பெர்லின்னு எழுதிட்டுப் புடாபெஸ்டை விட்டுடலாம். காங்கோ, ரங்பூர், சும்டொராங் சூன்னு எழுதிட்டு அமிர்தசரஸையும் யாழ்ப்பாணத்தையும் விட்டுடலாம். நான் முதல் டிராஃப்ட்ல செஞ்சது அதைத்தான். இல்லேன்னா அந்த ரெண்டை மட்டும் வச்சு மிச்சத்தை எல்லாம் அடிச்சுடலாம். ரெண்டாவது டிராஃப்ட். சும்டொராங் சூல அந்தத் துணிச்சல் இல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்குமோ. அதே துணிச்சல் தான் பல்கலைக்கழக மைதானத்துல ஆளை இறக்கினது. அதைத் தனித்தனியா பிரிச்சு, நல்லதை நமக்கு எடுத்துக்கிட்டு மிச்சத்தை டெல்லிக்குத் தள்ளிவிட முடியல. செங்கல்பட்டுக்காரர்னு பெருமைப்பட்டா, யாழ்ப்பாணத்துக்கும் சேர்த்துத்தான் அவர் செங்கல்பட்டுக்காரர்.

அக்காவுக்கு இந்த டிராஃப்டை அனுப்பினேன். வாட்ச்மேன் ஐயா சொன்னதையும் சேர்த்து. ஒரே வரி பதில் வந்தது. "அந்த ஐயாவிட்ட சொல்லுங்கோ, அந்த ஆச்சிக்கு விளங்கியிருக்கும் எண்டு."

இன்னும் சொல்லல. காலையில பால் வாங்கப் போறப்போ சொல்லணும்னு ரெண்டு நாளா நினைக்கிறேன். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டு இருக்கார். வாய் வரல. இன்னிக்குச் சொல்லிடுவேன்.

டிஸ்கி: புத்தகத்தை ஐயாகிட்ட கொடுக்கலாம்னு நீட்டினேன். "இதுல யாழ்ப்பாணம் பத்தி இருக்கா?"ன்னார். இது அணுகுண்டு பத்தின புத்தகம்யான்னேன். "அப்ப நீங்களே வச்சுக்கோங்க தம்பி"ன்னுட்டார். யாருக்காவது வேணும்னா பின்னூட்டத்துல சொல்லுங்க, அறுபது ரூபாய் கூட வேணாம்.